முப்பத்தெட்டாம் நம்பர்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் செக்கிங்.
தையல் அரை மில்லிமீட்டர் விலகினாலும்
கண்ணுக்கு முன்னால்
கட்டைவிரல் சொல்லிவிடும்.
சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று. ரிஜெக்ட்.

முப்பத்தெட்டு என்று முத்திரை குத்திவிட்டு
முப்பத்தேழரையை அனுப்ப முடியாது.
ஜெர்மனியில் எவளோ ஒருத்தி
போட்டு நாலடி நடந்ததும்
அவள் சுண்டுவிரல் கத்தும்.

வயிறு அப்படிக் கத்துவதில்லை.

முனீர் பாய் கடையில்
பத்து ரூபாய் பிஸ்கட்
இன்னும் பத்து ரூபாய்தான்.
தீபாவளி வரை உள்ளே பன்னிரண்டு.
என் பிள்ளைகள் இரண்டு, நாத்தனார் மகன் ஒன்று,
ஆளுக்கு நாலு, சண்டை இல்லை.
பொங்கல் கழிந்து ஒருநாள்
சின்னவனுக்கு மூன்றுதான் வந்தது.
"இவன் தின்னுட்டாம்மா" என்று அழுதான்.
பெரியவன் முதுகில் ஒன்று வைத்தேன்.

அடுத்த பாக்கெட்டை நானே பிரித்து
எண்ணினேன்.
பதினொன்று.

அவன் தின்னவில்லை.
எவனோ எடுத்துக்கொண்ட பிஸ்கட்டுக்கு
என் பிள்ளை வாங்கிய அடி அது.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் தடவிப் பார்க்கிறேன்.
சோப்பின் அடிப்பக்கம்
மூச்சை இழுத்து எக்கிய வயிறு.
மாசக் கடைசி வரை வந்தது
இப்போது இருபத்துநாலாம் தேதியே
நகம் போல் தேய்ந்து சாக்கடையில் நழுவுகிறது.
லிட்டர் எண்ணெய் என்று நான் கேட்கிறேன்,
லிட்டர் என்றே பாய் தருகிறார்,
மூலையில் எறும்பு எழுத்தில்
எண்ணூற்று நாற்பது கிராம்.

"இன்னாம்மா பண்றது" என்றார் பாய்,
"வெலைய ஏத்துனா கடையாண்ட வந்து சண்ட போடுறீங்க.
எடையக் கொறச்சா ஒருத்தரும் கேக்கல.
நீதான் மொத ஆளு."
பாராட்டா திட்டா என்று தெரியாமல்
மீதிச் சில்லறையை எண்ணாமல் வந்தேன்.

கம்பெனி பஸ்ஸில் சொன்னபோது
துத்திப்பட்டு தவமணி எழுந்தே நின்றுவிட்டாள்:
"அய்ய, சோப்பு எல்லாருக்குமா கொறையுது?
என் மாமியாதான் எடுத்து
மகளுக்குக் குடுக்குதுன்னு
ஒரு மாசமா அதாண்ட பேசாம கீறன்மே!"
பஸ்ஸே சிரித்தது.
பாலாறு தாண்டும்வரை சிரித்தோம்.
அப்புறம் நஸ்ரின் கணக்குப் போட்டாள்.

ஏழு பேர் காசு.
வேலூர் மண்டித் தெருவிலிருந்து
முப்பது கிலோ துவரம்பருப்பு மூட்டை.
நஸ்ரின் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துக் கொட்டினோம்.
தராசு இல்லை. ஒரு அலுமினிய டம்ளர்.
"செக்கிங் அக்காவே அளக்கட்டும்,
அது கைக்குத் தப்பு வராது."

அளந்தேன்.
நாற்பது டம்ளர், அறுபது டம்ளர்,
தவமணி பை, குணவதி பை, நஸ்ரின் பை.
பருப்பு மணம் மூக்கில் ஏற
கதை பேசிக்கொண்டே அளந்தேன்.
கடைசியாக என் பை.
பாதி நிறைந்தபோதுதான்
கை கொஞ்சம் லேசாக இருப்பது தெரிந்தது.

இதுவரை டம்ளருக்குள் இருந்த கட்டைவிரல்
என் பைக்கு மட்டும்
வெளியே இருந்தது.

நான் திட்டம் போடவில்லை.
எந்தக் கம்பெனிக்காரனும்
இதைத்தான் சொல்வான்.

யாரும் பார்க்கவில்லை.
என் பைக்குள் கைவிட்டு
ஆறு பைக்கும் ரெண்டு ரெண்டு பிடி போட்டேன்.
"இன்னாக்கா இது?"
"கொசுறு" என்றேன்.
"பாத்தியா, கம்பெனிக்காரன் தராதத
நம்ம அக்கா தருது" என்று
குணவதி என் கன்னத்தைத் தொட்டு
திருஷ்டி கழித்தாள்.
கன்னம் எரிந்தது.

திங்கட்கிழமை முதல் ஜோடி.
முப்பத்தெட்டு.
தடவினேன், திரும்பவும் தடவினேன்,
தையல் சரியாகத்தான் இருந்தது.
அவசரத்தில் கிழித்த சிவப்பு ஸ்டிக்கர்
ஷூவில் ஒட்டாமல்
கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.
டீ பெல் அடிக்கும்வரை
உரித்துக்கொண்டே இருந்தேன்.